மூன்றாம் எண் பீப்பாய்

ஓத்திலியா ஹாப்ஸ் விவசாயிகள் சங்கத்துக்குத் தர வேண்டியிருந்தது முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம் பெசோ.

போன குளிர்காலத்தில் பனி ஏறி அவளுடைய சூளையின் கூரை அமுங்கிப் போனது. பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவைக் காய வைக்கச் சூளை இல்லையென்றால் தோட்டம் இருந்தும் பயனில்லை. தகரம், மரம், புது அடுப்பு எல்லாவற்றையும் சங்கம் கடனாகக் கொடுத்தது. பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. சங்கத்திலிருந்து விலக்கப்பட்டால் மொத்தக் கடனையும் அன்றைக்கே கட்ட வேண்டும், கட்டாவிட்டால் தோட்டம் சங்கத்துக்கு.

மார்ச் 29, சனிக்கிழமை. காலை 10:40.

எல் போல்சோன் பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்த நான்காவது வாரம். சங்கத்துக் கொட்டகையில் பச்சைப்பூ பீர் ருசி பார்க்கும் நாள், முதல் பரிசு நாற்பது லட்சம் பெசோ. சட்டம் ஒன்றுதான்: காலையில் பறித்த பூ, காயாமல், அன்று பொழுது சாய்வதற்குள் கொப்பரையில் விழுந்திருக்க வேண்டும். ஐந்து பேர் ஐந்து பீப்பாய் கொண்டு வந்திருந்தார்கள். எல்லாம் சங்கமே கொடுத்த இரும்புப் பீப்பாய்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. பீப்பாயில் பெயர் எழுதுவதில்லை. சுண்ணக்கட்டியால் ஒரு எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உறைக்குள்.

இந்த வருஷம் ருசி பார்க்க பாரிலோச்சேயிலிருந்து மிலேனா என்ற பெண்ணை வரவழைத்திருந்தார்கள். ஒடிசலான உடம்பு, பெரிய மூக்கு. அந்த மூக்கைப் பற்றிக் காலையிலிருந்தே கேலி நடந்தது. அவள் முதல் பீப்பாயைக் குடித்து ஏதோ எழுதிக்கொண்டாள். இரண்டாவதையும் குடித்து எழுதினாள். மூன்றாவதை வாயில் வைத்தவள் விழுங்கவில்லை. வாளியில் துப்பினாள்.

"இது காஞ்ச பூ."

எல்லாரும் மூன்றாம் பீப்பாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாப் பாருங்க செஞோரா," என்றார் சங்கச் செயலாளர் பெனிக்னோ. நூற்றிருபது கிலோ ஆள். ஊரே அவரைக் குண்டன் என்றுதான் கூப்பிடும்.

"பார்த்துட்டேன். போன வருஷத்துப் பூ. வைக்கோல் போரைக் கடிச்ச மாதிரி இருக்கு."

நான்காவது சுமார். ஐந்தாவதில் குழாய் அடைத்துக்கொண்டது. பெனிக்னோ குழாய்ச் சல்லடையைக் கழற்றித் தட்டில் தட்டினார். கடுகளவில் ஆறேழு கறுப்பு மணிகள் விழுந்தன.

"குண்டா, பீருக்கு மிளகு போடற பழக்கம் எப்ப வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. பெனிக்னோ தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் குவளையை நிரப்பினார்.

மிலேனா குடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"இதைப் பறிச்சப்போ இலையில ஈரம் இருந்திருக்கு. பறிச்ச கை அவசரப்படல. கசப்பு வருது, வந்துட்டு மரியாதையா விலகி நிக்குது. பரிசு இதுக்குத்தான்."

உறை பிரிக்கப்பட்டது. ஐந்தாம் எண், லிசான்ட்ரோ புருனெத்தி. கைதட்டல். மூன்றாம் எண்ணுக்கு வந்தபோது பெனிக்னோவின் குரல் இறங்கிவிட்டது.

"மூணு... தோன்யா ஓத்திலியா."

காய்ந்த பூவைப் பச்சைப்பூ என்று கொண்டு வந்தவருக்குச் சங்கத்திலிருந்து மூன்று வருஷம் விலக்கு. சங்கத்தில் இதுவரை யாருக்கும் அந்தத் தண்டனை விழுந்ததில்லை.

ஓத்திலியா எழுந்தாள். ஐம்பத்தெட்டு வயது. கொடி உரசி உரசிச் செதில் பிடித்த முன்கைகள்.

"நாலாந்தேதி காலையில நானே பறிச்சேன். மத்தியானம் கொப்பரையில போட்டேன். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

"ரெண்டு மணிக்கு உறுப்பினர் கூட்டம். அங்க பேசிக்கலாம்," என்றார் பெனிக்னோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

காலை 11:05.

வாசலில் காவலுக்கு நின்ற சார்ஜென்ட் தெல்மிரா உள்ளே வந்தாள். குடிகாரர்களைப் பிரித்துவிடத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். விசாரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. கோடையில் மலைக்காடு எரிந்தபோது பத்தொன்பது நாள் தொடர்ந்து வேலை. தீ அணைந்த பிறகும் இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை. மாத்திரைக்கும் அடங்கவில்லை. ஒருநாள் ஓத்திலியா ஸ்டேஷனுக்கே வந்து ஒரு தலையணையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே அவள் தோட்டத்துப் பூ. சில சமயம் நொறுநொறுவென்று காதில் குத்தும், ஆனாலும் அன்றைக்கு தெல்மிரா ஒன்பது மணி நேரம் தூங்கினாள். அதிலிருந்து தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். அதற்கு இன்னும் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை.

அவள் பீப்பாய்களின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, நான்கு என்ற எண்கள் அழுத முகம்போல் கீழே வழிந்திருந்தன. மூன்றும் ஐந்தும் பள்ளிக்கூடப் பலகையில் எழுதியதுபோல் சுத்தமாக இருந்தன.

"தோன் பெனிக்னோ, நம்பர் எப்ப எழுதினீங்க?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. வண்டியில இருந்து இறக்கினதும், கொண்டு வந்த அஞ்சு பேரும் பார்க்க."

"அப்புறம்?"

"குளிர் அறையில வச்சுப் பூட்டினேன். காலையில ஏழு மணிக்கு வெளியில உருட்டினேன்."

"வேர்த்துச்சா?"

"யாரு, நானா?"

"பீப்பாய்."

"வேர்க்காம? குளிர்ல இருந்து வந்த இரும்பு. எட்டரை வரைக்கும் தண்ணியாச் சொட்டிச்சு. அப்புறம் தானாக் காஞ்சுது."

"எட்டரைக்கு அப்புறம் நீங்க எங்க?"

"பஸ் நிலையம். மிலேனாம்மாவைக் கூட்டிட்டு வர. ஒன்பதரைக்குத் திரும்பினேன்."

"கொட்டகைச் சாவி?"

பெனிக்னோ சுவரைக் காட்டினார். சாவி எப்போதும்போல ஆணியில் தொங்கியது. ஊருக்கே தெரிந்த ஆணி.

"ஒரு மணி நேரம் ஆள் இல்ல," என்றாள் தெல்மிரா.

"பின்பக்கம் நிக்கானோர் இருந்தான், ரொட்டி பொரிக்க." பெனிக்னோ குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாது சார்ஜென்ட், ஆனா அவனுக்கும் ஓத்திலியாவுக்கும் அஞ்சு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. ஊருக்கே தெரியும்."

காலை 11:40.

நிக்கானோர் ஒயார்சோ ஓத்திலியாவின் பக்கத்துத் தோட்டக்காரன். கொட்டகைக்குப் பின்னால், எண்ணெய்ச் சட்டி முன்னால் வியர்த்து நின்றான். அவன் கறுப்புச் சட்டையின் வலது கை முழுக்க வெள்ளை.

"கையில என்ன தோன் நிக்கானோர்?"

"நக்கிப் பாரு."

"நான் கேட்டதுக்குப் பதில்."

"மாவு. சுண்ணாம்புன்னு நெனச்சியா? குண்டன் ஏத்திவிட்டானா?"

தெல்மிரா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மாவுதான். உப்பு கொஞ்சம் கூடுதல்.

"ஓத்திலியாவோட என்ன சண்டை?"

"ஆண் கொடி." நிக்கானோர் கரண்டியால் கிழக்கே காட்டினான். "ஆத்தங்கரையில ஒரு ஆண் ஹாப்ஸ் கொடி வச்சிருக்கா. பக்கத்துல ஆண் இருந்தா பெண் பூவுல விதை வச்சிடும், பூவுக்கு மதிப்புப் போயிடும். அதனாலதான் இந்தப் பள்ளத்தாக்குல கண்ட எடத்துல எல்லாம் பிடுங்கிப் போடறோம். வெட்டுடின்னா, அந்த வேர் இல்லன்னா கரை சரிஞ்சிடும்ங்கறா."

"உங்க பூவுல விதை இருக்கா?"

"எனக்கு எப்படி வரும்? காத்து மேக்கால இருந்து. அவ தோட்டம் கிழக்குக் கடைசி. கெடறது அவ பூ மட்டும்தான். இருபது வருஷமா எங்க யாரு தோட்டத்துலயும் விதை கிடையாது. எப்படி இருக்கும்னே பாதிப்பேருக்கு மறந்து போச்சு."

"அப்ப உங்களுக்கு என்ன நஷ்டம்?"

நிக்கானோர் ஒரு ரொட்டியைப் புரட்டிப் போட்டான். "நஷ்டம் இல்ல. எரிச்சல். அவ்வளவு நல்ல தோட்டம், விலை இல்லாமப் போகுதே."

"காலையில யாராவது வந்தாங்களா?"

"பின்னால யாரும் வரல. முன்னால எனக்குத் தெரியாது." வெந்த ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டான். "நாலாந்தேதி அவ விடிகாலையிலயே ஏணி மேல இருந்தா. நான் பார்த்தேன். அதை எழுதிக்கோ. கூட்டத்துல கேட்டாலும் சொல்வேன்."

தெல்மிரா எழுதிக்கொண்டாள்.

பகல் 12:15.

லிசான்ட்ரோ புருனெத்தி கொட்டகை முன்னால் மக்கள் நடுவில் இருந்தான். நாற்பது வயது, நல்ல சட்டை, எல்லோருக்கும் குவளை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"வாழ்த்துகள்."

"நன்றி சார்ஜென்ட். ஓத்திலியாவை நெனச்சாத்தான் மனசு கஷ்டமா இருக்கு. கடன் மனுஷனை என்னவெல்லாம் செய்ய வைக்குது."

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"பத்து மணிக்கு. எல்லாரோடயும்."

"என்னைக்குப் பறிச்சீங்க?"

"அஞ்சாந்தேதி. புதன்கிழமை."

"எந்த வரிசை?"

"நடு வரிசை." ஒரு நொடி தாமதமாக வந்தது பதில். "நீங்க குடிக்கலையா?"

"வேலை நேரம்."

அவள் உள்ளே போய்ப் பெனிக்னோ ஒதுக்கி வைத்த தட்டை எடுத்தாள். கறுப்பு மணிகளில் ஒன்றை நகத்தில் ஏந்தி, பல்லில் வைத்துக் கடித்தாள். பிறகு இன்னொன்றைக் காதோரம் வைத்து விரலால் உருட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த பெனிக்னோவுக்கு அவள் வெறும் வயிற்றில் வெயிலில் நின்றது தலைக்கேறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது.

"இந்தத் தட்டை யாரும் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பிற்பகல் 2:00.

கூட்டத்துக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். ஓத்திலியா கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கடன் பத்திரம் பெனிக்னோவின் முன்னால் விரித்துக் கிடந்தது. தெல்மிரா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"சார்ஜென்ட்டுக்குத் தூக்கம் வந்துடுச்சு," என்றது ஒரு குரல்.

"குண்டன் பேசினா எல்லாருக்கும் வரும்," என்றது இன்னொன்று.

தெல்மிரா தலையணையை மேசையில் வைத்தாள்.

"ஓட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. தோன் லிசான்ட்ரோவுக்கு."

"கேளுங்க."

"உங்க தோட்டத்துல ஆண் கொடி இருக்கா?"

லிசான்ட்ரோ சிரித்தான். "என் தோட்டத்துலயா? ஆண் கொடியைப் பிடுங்கணும்னு சங்கத்துல தீர்மானம் கொண்டு வந்ததே எங்கப்பா. என் பூவுல ஒரு விதையைக் காட்டினா தோட்டத்தையே எழுதித் தர்றேன்."

"நிச்சயமா?"

"இங்க இருக்கற அத்தனை பேரும் சாட்சி."

"நல்லது." அவள் தட்டை நடுவில் வைத்தாள். "இது அஞ்சாம் நம்பர் சல்லடையில இருந்து விழுந்தது. மிளகுன்னு சிரிச்சீங்க."

சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துத் தலையணையின் தையலைக் கிழித்தாள். மேசை முழுக்கக் காய்ந்த பூ கொட்டியது. ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். இதழ்கள் பறந்தன. கையில் இரண்டு கறுப்பு மணிகள் நின்றன. அவற்றைத் தட்டில் போட்டாள். எது எதிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு மாசமா இது என் காதுல குத்துது. என்னன்னு இன்னிக்கித்தான் புரிஞ்சுது. இது ஹாப்ஸ் விதை. தலையணை தோன்யா ஓத்திலியா குடுத்தது. தோன் நிக்கானோர், இந்தப் பள்ளத்தாக்குல யாரு பூவுல விதை இருக்கு?"

நிக்கானோர் எழுந்து நின்றான். "அவ ஒருத்தி பூவுலதான். அதுக்குத்தானே அஞ்சு வருஷமாத் தொண்டை கிழியக் கத்தறேன்."

"என் வடிகட்டற துணி கிழிஞ்சிருந்துச்சு," என்றாள் ஓத்திலியா, யாரிடமும் இல்லாமல். "புதுசு வாங்கல."

லிசான்ட்ரோவின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது, ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை.

"அஞ்சாம் பீப்பாய் உங்களுதுன்னா, உங்க தோட்டத்துல ஆண் கொடி இருக்கு," என்றாள் தெல்மிரா. "இல்லன்னா, அந்தப் பீப்பாய் உங்களுது இல்ல. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"யாராவது மாத்தி வச்சிருக்கலாம். நானும் ஏமாந்திருக்கலாம்."

"மாத்தினது பீப்பாயை இல்ல, நம்பரை. நேத்து எழுதின சுண்ணாம்பு காலையில வேர்வையில வழிஞ்சிருக்கணும். ஒண்ணும் ரெண்டும் நாலும் வழிஞ்சிருக்கு. மூணும் அஞ்சும் வழியல. எட்டரைக்கு இரும்பு காஞ்சதுக்கு அப்புறம் யாரோ அந்த ரெண்டை மட்டும் துடைச்சுட்டு இடம் மாத்தி எழுதியிருக்காங்க. சரி, யாரோ ஒருத்தர்னே வச்சுக்குவோம். அப்பவும் இப்ப மூணுன்னு இருக்கறது உங்க பீப்பாய்தானே? அதுல இருக்கற காஞ்ச பூவை உள்ள போட்டது யாரு?"

வெளியே நிக்கானோரின் எண்ணெய்ச் சட்டி ஆறிக்கொண்டிருந்தது. லிசான்ட்ரோ உட்கார்ந்தான்.

"பூ எல்லாத்தையும் தலைநகரத்துக் கம்பெனிக்கு வித்துட்டேன்," என்றான். "நல்ல விலை. இதுக்குன்னு ஒரு வரிசை ஒதுக்கி வச்சிருந்தேன், அதையும் கேட்டாங்க. குடுத்துட்டேன். போன வருஷத்துப் பூவுல காச்சினேன். நம்ம ஊர் ஆளுங்கன்னா கண்டுபிடிக்க மாட்டாங்க. நேத்து சாயங்காலந்தான் இந்தம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சுது."

"அஞ்சு பேர் இருந்தோம்," என்றாள் ஓத்திலியா. "ஏன் என்னோடது?"

லிசான்ட்ரோ தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"கடன் இருக்கறவங்கன்னா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. செஞ்சிருப்பாங்கன்னு உடனே நம்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

அறுபது பேரில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் நம்பித்தான் இருந்தார்கள். பெனிக்னோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, விரித்து வைத்த பத்திரத்தை மெதுவாகத் திருப்பிப் போட்டார்.

"புகார் எழுதித் தர்றீங்களா தோன்யா?" என்று கேட்டாள் தெல்மிரா.

ஓத்திலியா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"சங்கம் அதோட சட்டப்படி செய்யட்டும். எனக்குப் புகார் வேணாம். யார் யாருக்கு நன்றி சொல்லணும்னு கணக்குப் பார்க்கவே இன்னிக்குப் பொழுது பத்தாது."

மூன்று வருஷ விலக்குக்கு ஐம்பத்தேழு கைகள் உயர்ந்தன. லிசான்ட்ரோ தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனான். அப்படியே வெளியேறினான்.

பிற்பகல் 3:20.

ஓத்திலியா முதலில் நிக்கானோரிடம் போனாள்.

"நான் ஏணி மேல இருந்ததைச் சொன்னியாமே."

"பார்த்ததைச் சொன்னேன். அதுக்காகக் கொடியை வெட்டச் சொல்லறதை விட்டுட்டேன்னு நெனக்காதே."

"நெனக்கல. சாக்குத் தைக்கிற ஊசி இருக்கா?"

இருந்தது. நிக்கானோர் பூவை அள்ளி அள்ளிப் போட, அவள் அந்த மேசையிலேயே தலையணையைத் தைத்தாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. பூவை இவ்வளவு திணிக்காதே என்று அவள் சொன்னாள், நூலை இழுத்துக் கட்டு என்று அவன் சொன்னான். தெல்மிரா பக்கத்தில் நின்றாள்.

"இதுக்கு நான் அன்னிக்கே நன்றி சொல்லியிருக்கணும்," என்றாள்.

"தூங்கினியா?"

"தூங்கினேன்."

"அது போதும் பொண்ணே."

மாலை 4:30.

தெல்மிராவின் வேலை நேரம் முடிந்தது. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மிலேனாவே ஐந்தாம் பீப்பாயில் ஒரு குவளை பிடித்துக் கொடுத்தாள். தெல்மிரா முதல் வாயை உடனே விழுங்கவில்லை. அறுத்த கொடியைத் தோளில் சுமந்து போகும்போது முகத்தில் அடிக்கும் வாசம் அது. எலுமிச்சைத் தோல் கொஞ்சம், ஈரப் புல் கொஞ்சம், பிசின் கொஞ்சம். கசப்பு கடைசியில் வந்தது. காய்ந்த பூவில் இது கிடைக்காது. வருஷத்தில் ஒரு மாதம்தான், அதற்குள் குடித்து முடித்துவிட வேண்டும். இன்னும் நான்கு வாரத்தில் இதே பீப்பாய் வெறும் பீராகிவிடும்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஓத்திலியா.

"நீங்க பறிச்ச மாதிரி இருக்கு."

மேசைக்கு அந்தப் பக்கம் பெனிக்னோ கடன் புத்தகத்தைத் திறந்தார். அவளுக்கே சேர வேண்டிய முதல் பரிசு நாற்பது லட்சம். அதில் முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரத்தைக் கழித்தார். மீதி ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை எண்ணி வைத்தார். ஓத்திலியா அதை அப்படியே நிக்கானோரின் பக்கம் தள்ளினாள்.

"சட்டியைச் சூடு பண்ணு. வந்த எல்லாருக்கும் பொரிச்சுப் போடு."

"உப்பு கம்மியாப் போடுங்க," என்றாள் தெல்மிரா.

நிக்கானோர் அவளை முறைத்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போனான்.

பெனிக்னோ பேனாவை எடுத்தார். காலையில் உறையைப் படித்த அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் பெயர் இருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கீழே எழுதினார். முத்திரை குத்தினார். மை காயட்டும் என்று ஊதினார்.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள் ஓத்திலியா. "சத்தமாப் படிங்க. காலையில சத்தமாத்தானே படிச்சீங்க."

பெனிக்னோ எழுந்து நின்றார். கொட்டகையில் இருந்தவர்கள் குவளையைக் கீழே வைத்தார்கள்.

"பெயர், ஓத்திலியா குர்ரூமில். சூளைக் கடன். தீர்ந்தது."

"இன்னொரு தடவை," என்றாள் அவள்.

அவர் இன்னொரு தடவை படித்தார்.